இரண்டு அம்மாக்களின் பிள்ளை உங்கள் வகுப்புக்கு வந்தால்

தாம்பரத்தில் பால்வாடிப் பிள்ளைகளோடே தலை நரைத்தவள் நான். எல்கேஜி, யுகேஜி எடுக்கப் புதிதாக வரும் டீச்சர்களுக்குச் சில வார்த்தைகள்.

1. ஜூன் மாதம் 'என் குடும்பம்' பாடம் வரும். சுவரில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, பாப்பா சார்ட் தொங்கும். அதைக் காட்டி, "உன் அப்பா எங்கே?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். "உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். அம்மா மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்டுக்குப் போவதால் பாட்டியிடம் வளரும் பிள்ளை, விமானப்படையில் அப்பா வேறு ஊரில் இருக்கும் பிள்ளை, பெரியம்மா வளர்க்கும் பிள்ளை எல்லாம் சேலையூரிலும் சானடோரியத்திலும் எப்போதும் உண்டு. இந்தக் கேள்விக்கு அவர்கள் எல்லாரிடமும் பதில் இருக்கும். இரண்டு அம்மா உள்ள பிள்ளையிடமும் இருக்கும்.

2. "எனக்கு ரெண்டு அம்மா" என்று பிள்ளை சொன்னால், "சரி கண்ணு, அவங்கள எப்படிக் கூப்பிடுவ?" என்று கேட்டு, அந்தப் பெயர்களையே நீங்களும் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளை, "அது எப்படி மிஸ்?" என்றால், "அவ வீட்ல ரெண்டு அம்மா, உங்க வீட்ல யாரு?" என்றால் போதும். நான்கு வயதுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

3. அன்னையர் தினத்துக்கு அந்தப் பிள்ளைக்கு இரண்டு அட்டை கொடுங்கள்.

4. காகித விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தது. இணையராகச் சேர்ந்து தத்தெடுக்கவும் வழியில்லை. தனித்த பெண் தத்தெடுக்கலாம். அதனால் சான்றிதழில் ஒருத்திதான் அம்மா. தினமும் சோறூட்டி, காய்ச்சலில் கண்விழிக்கும் மற்றவளுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. சேர்க்கையின்போதே, பிள்ளையை அழைத்துப் போகவும் அவசரத்துக்கு அழைக்கவும் அந்த இன்னொரு அம்மாவின் பெயரையும் எழுதி, சான்றிதழில் உள்ள அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மழை கொட்டும் ஒரு மதியத்தில் வாட்ச்மேன் அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். பிள்ளை உள்ளே அழுதுகொண்டிருக்கும். தகப்பன் பெயரை நிரப்பச் சொல்லி ஆபீசில் நெருக்கினால், திருமணமாகாத தாய், தகப்பன் யாரென்று சொல்லாமலே தன் பிள்ளைக்குப் பாதுகாவலராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்புச் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள்.

5. சில வீடுகளில் இரண்டாவது அம்மாவை 'சித்தி' என்பார்கள். வீட்டு உரிமையாளருக்கு உண்மை தெரிந்தால் காலி செய்யச் சொல்வார் என்ற பயம் இருக்கலாம். தோண்டாதீர்கள். உங்களுக்குத் தெரியவந்தது ஸ்டாஃப் ரூமுக்கோ, ஆயாவிடமோ, வேன் டிரைவரிடமோ போகக் கூடாது. இதில் நான் கறாராகத்தான் சொல்வேன்.

6. உங்கள் மனம் ஒப்பாமல் இருக்கலாம். படித்துத் தெரிந்துகொள்ள முடியும். 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த பெண் இணையரின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின உறவு தனக்குப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். பெற்றோர்–ஆசிரியர் கூட்டங்களில் இதைப் பேச வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை என்று சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் பெண் இணையர் வளர்த்த பிள்ளைகளை 1986 முதல் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். 25 வயதிலும் அவர்களின் மனநலம் மற்றவர்களைப் போலவே இருந்தது.

7. இரண்டு அப்பா உள்ள வீட்டுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

8. என்றாவது ஒரு பெற்றோர் வாட்ஸ்அப்பில், "என் பிள்ளையை அவ பக்கத்துல உட்கார வைக்காதீங்க" என்று எழுதுவார். குரூப்பில் பதில் போடாதீர்கள். நேரில் வரச்சொல்லி, தலைமை ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் இடம் மாற்றலாம், ஓயாமல் பேசினால் மாற்றலாம், இதற்காக மாற்ற முடியாது என்று சொல்லுங்கள். மறுநாளும் அந்த இரண்டு பிள்ளைகளையும் அதே பெஞ்சில் உட்கார வையுங்கள்.