சுமை ஏற்றியவர் யாவர்?

கல்லூரியொன்றில் தேர்வு முடிவு வெளியாகும் நாளைக் கருதுவோம். மாணாக்கரும் ஆசிரியரும் அலுவலகத்தாரும் ஒருங்கே மதிப்பெண் தேடப் புகுகின்றனர். சற்று நேரத்தில் கணினி தவழத் தொடங்குகிறது. தரவுத்தளத்தைக் காப்பவர் உள்நோக்கின், ஓர் அமர்வே செயலியின் உழைப்பை விழுங்குவது புலனாகும். அதற்குரியவர் யார் எனத் தேடினால் கிட்டுவதோ மென்பொருளின் பொதுப்பெயர் மாத்திரமே.

இதன் காரணம் யாதெனின், இந்நாளில் பயனர் பெரும்பாலும் தம் பெயரால் தரவுத்தளத்தினுள் நேரே புகுவதில்லை. இடைநிற்கும் சேவையகம் சில இணைப்புகளை முன்னரே திறந்துவைத்து, வருவோர்க்கெல்லாம் மாறி மாறி வழங்குகிறது. வாடகை வண்டியின் எண் தெரியும், உள்ளிருப்பவர் தெரியார்.

ஆரக்கிள் தரவுத்தளத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம். இணைப்புதோறும் தனிச் செயல்முறை இயங்கும் யூனிக்ஸ் அமைப்பில், 'டாப்' கட்டளை காட்டும் எண்ணை வி$பிராசஸ் என்னும் காட்சியின் எஸ்பிஐடி பத்தியிற் கண்டு, அவ்வரிசையின் முகவரியை வி$செஷனோடு பொருத்தினால் அமர்வும், அதன்வழி ஓடும் வினவலும் அகப்படும். ஆளோ இன்னும் அகப்பட்டிலர்.

ஆளைக் காட்டவல்லது கிளையண்ட்_ஐடென்டிஃபையர் என்னும் பத்தியாம். இணைப்பைக் கைக்கொண்டவுடன் மென்பொருள் டிபிஎம்எஸ்_செஷன்.செட்_ஐடென்டிஃபையர் வாயிலாகப் பயனர் பெயரை, 64 பைட்டுக்கு மிகாமல், பொறித்தல் வேண்டும். தரவுத்தளம் இதனைத் தானே ஊகித்துணராது. திருப்பித் தருங்கால் அப்பெயரை அழித்தலும் வேண்டும். இதனை மறப்பார் பலர் என்பது நம் கருத்து. மறந்தால், அடுத்து வருவது பெயர் பொறியாத பணியாயின், அதன் சுமை முன்னவர் தலையில் விழும். ஒரு தாளின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சென்ற மாணாக்கர், பத்தாண்டு அறிக்கையை ஓட்டியவராகக் குற்றஞ்சாட்டப்படுவார்!

இதனினும் நுட்பமான பிழையொன்று உளது. அமர்வின் மொத்தச் செயலிநேரம் அவ்வமர்வு திறந்த நாழிகை முதற் கூடிவருவது. அதனுள் பலருடைய பங்கு கலந்திருக்கும். முழுவதையும் இப்போது அமர்ந்திருப்பவர் மீது சுமத்துதல் முறையன்று. டிபிஎம்எஸ்_மானிட்டர் கொண்டு அடையாளப் பெயர்வாரியாகக் கணக்கெடுக்கச் செய்தால், ஒருவர் எத்தனை இணைப்புகளில் மாறியிருந்தாலும் அப்பெயரில் நிகழ்ந்த செலவு வி$கிளையண்ட்_ஸ்டாட்ஸ் காட்சியில் ஒன்றுசேர்ந்து தோன்றும்.

அமர்வை அறுத்தெறிய நேரின், எஸ்ஐடி எண்ணுடன் சீரியல்# எண்ணையும் சேர்த்தே காண்க; முன்னது மீண்டும் பிறிதோர் அமர்விற்கு வழங்கப்படுவது. அறுத்தவுடன் உறுதிசெய்யப்படாத மாற்றங்கள் யாவும் பின்வாங்கப்படும். அவை ஓர் ஆசிரியர் காலைமுதல் உள்ளிட்ட மதிப்பெண்களாகவும் இருக்கலாம். ஆகலின் முதலில் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டல் நன்று.