நான்கு குரல்கள், ஐந்தாவது ஒலி

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியத்துடன் புறப்பட்டு ஊர் ஊராகப் பாடிய குழு ஒன்று உண்டு. பாவலர் வரதராசனும் அவர் தம்பியரும் சேர்ந்த 'பாவலர் சகோதரர்கள்' குழுவே அது. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது மலைத்தோட்டத் தொழிலாளர்களிடையே பாவலரின் பாட்டு ஒலித்தது. குழுவில் ஆர்மோனியம் வாசித்த தம்பி இராசையாதான் 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் இசையமைப்பாளர் இளையராஜாவாக அறிமுகமானார்.

பலர் கூடிப் பாடும்போது ஒலி ஏன் சில சமயம் இனிக்கிறது, சில சமயம் கரகரக்கிறது? இயற்பியல் விடை தருகிறது.

ஒரே சுரம்

நம் ஊர்க் குழுப்பாட்டில் பெரும்பாலும் எல்லாரும் ஒரே மெட்டையே பாடுவர். ஒருவர் குரலின் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ், மற்றவருடையது 203 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். அப்போது ஒலி வினாடிக்கு 3 முறை ஓங்கித் தணியும். இவையே விம்மல்கள். 'சுருதி சேரவில்லை' என்று பாடகர் சொல்வது இதைத்தான்.

வேறு வேறு சுரங்கள்

அமெரிக்காவில் 'பார்பர்ஷாப்' என்றொரு பாட்டு முறை உண்டு. முடிதிருத்தும் கடையின் பெயரால் வழங்கும் இதில் நால்வர் வாத்தியமின்றி நான்கு சுரங்களை ஒருசேரப் பாடுவர். இம்முறையைப் பேண 1938-இல் டல்சா நகரில் ஒரு சங்கம் தோன்றியது. இவர்கள் பெரிதும் விரும்பும் சேர்க்கையில் அதிர்வெண்கள் 4:5:6:7 என்ற விகிதத்தில் அமையும். எடுத்துக்காட்டாக 200, 250, 300, 350 ஹெர்ட்ஸ்.

குரல் ஒருபோதும் தனிச் சுரம் அன்று. 200 ஹெர்ட்ஸில் பாடினால் 400, 600, 800, 1000 என மேற்சுரங்களும் எழும். 250 ஹெர்ட்ஸில் பாடுபவரிடம் 500, 750, 1000 எழும். இருவரிடமும் 1000 இருப்பதைக் கவனியுங்கள். அவை ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. அதனால்தான் நால்வருக்கு மேலே யாரும் பாடாத ஐந்தாவது ஒலி ஒன்று கணீரெனக் கேட்கிறது.

செய்து பாருங்கள்

இன்றைய ஆர்மோனியங்கள் பலவற்றில் ஒரு ஸ்தாயி 12 சம படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்கு உயரும். எனவே 200 ஹெர்ட்ஸ் சட்சத்துக்கு நான்கு படி மேலுள்ள அந்தர காந்தாரம் 250-இல் நிற்காது. ஏறத்தாழ 252-இல் நிற்கும். அதன் நான்காம் மடங்கு 1008. எனவே 1000-க்கும் 1008-க்கும் இடையே வினாடிக்கு 8 விம்மல்கள் உண்டாகும். இரு கட்டைகளையும் சேர்த்து அழுத்தி, அந்த நடுக்கத்தைக் கேளுங்கள். பிறகு சட்சத்தை மட்டும் ஒலிக்கவிட்டு, நடுக்கம் மறையும் வரை உங்கள் குரலால் காந்தாரத்தைச் சற்றே இறக்குங்கள். பெட்டியின் கட்டை நகராது, குரல் நகரும். வாத்தியமின்றிப் பாடுவோரின் வலிமை இதுவே.

ஒரு கணக்கு: சட்சத்துக்கு ஏழு படி மேலுள்ள பஞ்சமம் ஏறத்தாழ 299.7 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்கையும் 200-இன் மும்மடங்கையும் ஒப்பிடுங்கள். ஆர்மோனியத்தில் பஞ்சமம் ஏன் நன்றாகச் சேர்கிறது என்பது விளங்கும்.