தேக்கா பூக்கடைக்கு ஃபார்ம் எழுதும் தம்பிக்கு

மாலை ஆர்டர் எடுக்க பைத்தானின் டிகின்டரில் ஒரு விண்டோ எழுதுகிறாயாமே, தம்பி. பெட்டிகளை அடுக்குவது சீக்கிரம் முடிந்துவிடும். எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதில்தான் வேலை.

பெயர்ப் பெட்டியில் எழுத்து மட்டும்தான் வரலாம் என்று கட்டிவிடாதே. இங்கே சிங்கப்பூரில் எத்தனையோ தமிழர்களின் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், எஸ்/ஓ, டி/ஓ இருக்கிறது. அந்தச் சாய்கோட்டைப் பார்த்துச் சிவப்பு காட்டினால், அப்பா பெயரையே பிழை என்கிற மாதிரி. குடும்பப் பெயருக்குத் தனிப் பெட்டியும் வேண்டாம், நம்மில் பலருக்கு அது கிடையாது. ‘கண்ணன்’ என்று தமிழில் தட்டினால் பைத்தானின் இஸ்ஆல்ஃபா ‘இல்லை’ என்றுதான் சொல்லும். புள்ளியை அது எழுத்தாகவே எண்ணுவதில்லை. முன்பின் இடைவெளியை வெட்டிவிட்டு, காலியா என்று மட்டும் பார். போதும்.

அஞ்சல் குறியீடு 1995 முதல் 6 இலக்கம். தேக்கா சென்டரின் 210665-ஐ வைத்தே சோதித்தால் ஒன்றும் தெரியாது. மரினா பே சாண்ட்ஸின் 018956-ஐத் தட்டிப் பார்: எண்ணாக மாற்றியிருந்தால் முன்னால் உள்ள 0 காணாமல் போயிருக்கும். ஸ்ட்ரிங்காகவே வை. 0 முதல் 9 வரை என்று ரெகெக்ஸில் நீயே எழுது. இஸ்டிஜிட் ‘௬’ என்ற தமிழ் எண்ணையும் உள்ளே விட்டுவிடும். (நமக்குப் பெருமைதான், டெலிவரி ஆளுக்குத் தலைவலி.)

கவனி: ‘சரியாக 6’ என்ற விதியை ஒவ்வொரு கீ தட்டலிலும் பார்த்தால் முதல் இலக்கமே உள்ளே போகாது. தட்டும்போது 6 வரை எத்தனை இலக்கம் இருந்தாலும் விடு, காலியையும் விடு. முழுக் கணக்கைச் சேமி பட்டனில் பார். சரிபார்க்கும் ஃபங்ஷன் எந்த வழியில் போனாலும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் திருப்பித் தரவேண்டும். ஒரு வழியில் மறந்தாலும் என்ட்ரி பெட்டி சரிபார்ப்பதையே நிறுத்திவிடும்.

கைபேசி எண் 8 இலக்கம், தொடக்கம் 8 அல்லது 9. நடுவில் இடைவெளியோ முன்னால் +65-ஓ இருந்தால் நீயே எடுத்துவிடு. ஜோகூரிலிருந்து வருபவரின் +60-ஐத் தடுக்காதே.

ஐசி எண்ணின் கடைசி எழுத்து, முன்னுள்ள இலக்கங்களைப் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்து வருவது. அதைச் சரிபார்க்கக் கோட் எழுதக் கை அரிக்கும். அடக்கிக்கொள். சட்டம் கேட்டாலொழிய, அல்லது ஆளை உறுதியாக அடையாளம் காணும் கட்டாயம் இருந்தாலொழிய, ஐசி எண்ணை வாங்கக் கூடாதென்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. மாலைக்கு எதற்கு ஐசி?

பிழை வந்தால் மெசேஜ்பாக்ஸைத் திறக்காதே. பெட்டிக்குப் பக்கத்திலேயே ‘6 இலக்கம் வேண்டும்’ என்று காட்டு, தட்டியதை அழிக்காதே. தீபாவளி வாரத்தில் ஓகே ஓகே என்று அமுக்கிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?