ஈகையும் உரிமையும்

பசித்தவனுக்குச் சோறிடுதல் ஈகை. உழுதவனுக்கு அவன் கூலியை அளித்தல் ஈகையாகுமா? ஆகாது, அஃது அவனது உரிமை. ஈகை பெறுவோன் கை தாழ்கின்றது. உரிமை பெறுவோன் தலை நிமிர்கின்றது. இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும் நிகழ்ச்சியொன்று அமெரிக்க நாட்டில் நடந்தது.

ஜூடித் ஹியூமன் என்னும் பெண்மணி நியூயார்க் நகரில் வளர்ந்தவர். இளம்பிள்ளைவாதம் அவர்தம் கால்களின் ஆற்றலைப் பறித்தது. சக்கர நாற்காலியில் வரும் குழந்தையால் தீவிபத்துக் காலத்தில் இடர் நேரும் எனக் கூறி, ஐந்து வயதில் அவரைப் பள்ளியிற் சேர்க்க மறுத்தனர். அவர் மனந்தளராது கற்றுத் தேர்ந்தார். 1970-இல் ஆசிரியப் பணி மறுக்கப்பட்டபோது, வழக்குத் தொடுத்து ஆசிரியரானார்.

அக்காலத்தில் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்கென அந்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. செலவு மிகும் என்று கருதிய குடியரசுத் தலைவர் நிக்சன் இருமுறை ஒப்புதல் மறுத்தார். திருத்திய சட்டத்துக்கு 1973-இல் இசைந்தார். அரசின் பொருளுதவி பெறும் எந்நிறுவனமும் உடற்குறையைக் காட்டி ஒருவரை விலக்கலாகாது என்பது அதன் 504ஆம் பிரிவு. ஆயினும், அதனைச் செயற்படுத்தும் விதிகள் ஏறத்தாழ நான்காண்டுகள் வெளிவரவில்லை. பெருஞ்செலவு நேருமெனப் பல நிறுவனங்கள் அஞ்சின.

1977 ஏப்ரல் 5ஆம் நாள், ஹியூமன் முதலிய நூற்றுக்கு மேற்பட்டோர் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள அரசு அலுவலகத்துள் சென்று அமர்ந்தனர். விதிகள் கையொப்பமாகும்வரை வெளியேறோம் என்றனர். இரவில் தரையிலே உறங்கினர். தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது; செவிப்புலன் இல்லாதோர் சாளரத்தருகே நின்று சைகைமொழியால் வெளியே செய்தி உரைத்தனர். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் உணவு கொணர்ந்தனர். ஏப்ரல் 28ஆம் நாள் அமைச்சர் கையொப்பமிட்டார்.

செலவைப் பற்றி வினவுதல் தவறன்று. பொதுப்பணம் மக்கள் பணம். எண்ணியே செலவிடல் வேண்டும். ஆனால், மாணவர்களே, சிறிது சிந்தியுங்கள். பொதுக் கட்டடங்களில் விளக்குகள் எரிகின்றன. பார்வையற்றவர்க்கு அவை வேண்டா. எனினும் அவர் செலுத்தும் வரியும் அவ்விளக்குகளை எரிக்கின்றது. அதனைப் பார்வையுடையோர்க்கு இடும் பிச்சை என்று எவரேனும் கூறுவரோ? படிக்கட்டுக்குப் பொருள் தந்தவர், சாய்தளத்துக்குத் தர மறுப்பது என்ன முறை? அச்சாய்தளத்தில் முதியோரும் ஏறுவர். குழந்தை வண்டி தள்ளும் தாயரும் ஏறுவர். வாயில் அடைபட்டவரோ உழைத்து ஈட்டும் வாய்ப்பையே இழக்கின்றார். அவ்விழப்பும் நாட்டுக்குச் செலவே; கணக்கேட்டில் அது தெரிவதில்லை.

நம் இந்திய நாடும் 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. இன்று வீடு திரும்புகையில் உங்கள் பள்ளி வாயிலை ஒருமுறை உற்று நோக்குங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவன் ஒருவன், பிறர் தூக்காமல், தானே உள்ளே வர இயலுமா?