காய்கறி மேட்டுப்பாத்திக்கு எந்தக் கல் மலிவு?



வீட்டுக் காய்கறிக்கு மேட்டுப்பாத்தி போட கடன் வாங்கணுமா? வேண்டாம். முதலில் அளவை முடிவு செய்வோம். 10 அடி நீளம், 3 அடி அகலம் போதும். இரு பக்கமும் நின்றால் கை எட்டும். பாத்தியை மிதிக்க வேண்டியதில்லை. சுற்றளவு 26 அடி.

கரைக்கு எதை வைக்கலாம்?

* செங்கல்: 9 அங்குலக் கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தினால் ஒரு வரிசைக்கு 35, இரண்டு வரிசைக்கு 70. சிமெண்ட் தேவையில்லை. வீடு இடித்த பழைய கல்லே போதும்.
* ஹாலோ பிளாக்: 16 அங்குலக் கல் 20. ஒரே வரிசையில் 8 அங்குல உயரம் வந்துவிடும். ஓட்டையில் மண் போட்டுப் புதினா நடலாம்.
* பனை, தென்னை மட்டை: காசே இல்லை. ஆனால் கரையான் அரிக்கும்; மாற்றிக்கொண்டே இருக்கணும்.
* கருங்கல்: செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோட்டைக் கல்லைத் தொடாதீர்கள். 2025-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. ஒரு கல்லைப் பெயர்த்தாலும் சட்டப்படி குற்றம்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உடைக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

பாத்தியை நிரப்ப 2 பங்கு மண், 1 பங்கு மணல், 1 பங்கு மக்கிய தொழுவுரம். மேட்டுப்பாத்தி வெயிலில் சீக்கிரம் காயும். மேலே மல்லாட்டைத் தோலைப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

கல் விலையோடு வண்டி வாடகையையும் கேட்போம். நாலு வீட்டுக்கு ஒரே வண்டியில் ஏற்றினால் வாடகை கால் பங்குதான். அடுத்த குழுக் கூட்டத்தில் யார் யாருக்கு வேண்டும் என்று எழுதிக்கொள்வோம்.