டாலி அச்சு வாங்குமுன்

வலது ஓரத்தில் பென்சிலில் 'டாலி' என்ற கையெழுத்து, இடது ஓரத்தில் 47/300 என்று, அதாவது 300 பிரதிகளில் 47-வது என்று, ஓர் எண். பலர் மயங்குவது இங்கேதான். சர்ரியலிச ஓவியர் சல்வதோர் டாலியின் அச்சுகளில் இந்த இரண்டையும் கடைசியாகப் பார்த்தால் போதும். காசுக்காக வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டுத் தள்ளியவர் அவர். 1974-இல் அந்தோரா எல்லையில் ஒரு லாரியை மடக்கிய பிரெஞ்சுச் சுங்கத்தினருக்குக் கிடைத்தவை, அவர் கையெழுத்திட்ட சுமார் 40,000 வெற்றுத் தாள்கள். கையெழுத்து அசல்தான், மேலே ஏறிய படம் யாருடையதோ!

கைக்காசு குறைவு என்றால் 'டிவைன் காமெடி' வரிசைதான் நல்ல தொடக்கம். தாந்தேயின் 700-வது பிறந்தநாளுக்காக இத்தாலிய அரசு கேட்ட படங்கள் இவை. இத்தாலியக் கவிக்கு ஸ்பானிய ஓவியரா என்று எதிர்ப்புக் கிளம்ப, அரசு கைவிட்டது. பாரிஸ் பதிப்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 100 நீர்வண்ண ஓவியங்களுக்குச் சுமார் 3,500 மரக்கட்டைகள் செதுக்கப்பட்டன, ஒரு படத்துக்குச் சராசரியாக 35. செதுக்கியது டாலி அல்ல, தேர்ந்த கைவினைஞர்கள். ஆயிரக்கணக்கில் அச்சானதாலும் பெரும்பாலானவற்றில் பென்சில் கையெழுத்து இல்லாததாலும் விலை குறைவு. ஆனால் வாங்குவது இன்னதென்று தெளிவாகத் தெரியும்.

பணம் இருப்பவர்கள் தேடுவது 1934-இல் ஸ்கிரா பதிப்பகம் வெளியிட்ட 'மால்தொரோர்' நூலுக்கான தகடச்சுகளை. அதே தகடுகளிலிருந்து 1970-களிலும் அச்சிட்டார்கள் என்பதால், எந்த ஆண்டின் அச்சு என்று கேட்காமல் விலை பேசக் கூடாது.

கையெழுத்தோடு வரும் பிற்கால 'லித்தோகிராஃப்'களில், அதாவது கல்லச்சுகளில்தான் வம்பு. லென்ஸை வைத்துப் பாருங்கள்: கல்லில் வரைந்த கோடு சீரற்ற மணல்போல் தெரியும், ஆஃப்செட் நகலென்றால் வரிசை தப்பாத வண்ணப் புள்ளிகள் தெரியும். அடுத்து, தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஆர்ஷ், ரீவ் என்னும் அச்சுத் தாள்களின் நீர்க்குறியில் முடிவிலிச் சின்னம் சேர்ந்தது 1980 வாக்கில். 1968 என்று சொல்லி விற்கும் படத்தில் அது இருந்தால் எழுந்து வந்துவிடலாம். டாலியின் அச்சுகளுக்கென ஆல்பர்ட் ஃபீல்டு 1996-இல் வெளியிட்ட அட்டவணையில் படம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இத்தனை துப்பறிவு வேண்டாம் என்பவருக்கு இன்னொரு ஸ்பானிய ஓவியர் ஜோன் மிரோ இருக்கிறார். பாரிஸின் மூர்லோ பட்டறையில் அச்சுக்கலையில் ஊறியவர்; 1954 வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியில் அச்சுப்படைப்புகளுக்கான பெரும் பரிசு அவருக்கே. அவர் பெயரிலும் போலி உண்டு, ஆனால் கல்லச்சுகளுக்கு ஒழுங்கான தொகுதி அட்டவணைகள் இருக்கின்றன. கையெழுத்திட்டவை விலை அதிகம். மேக் கலைக்கூடம் வெளியிட்ட 'தெரியேர் லெ மிருவார்' இதழின் கையெழுத்தில்லாக் கல்லச்சுகள் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. இரட்டைப் பக்கப் படங்களின் நடுவே மடிப்புக்கோடு இருக்கும். தைக்காத தாள்களை இதழின் அளவுக்கு மடித்து வைத்ததால் வந்தது அது. அதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பதில் பயனில்லை.