மேலே மழையா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்

2022 செப்டம்பர் 4, ஓணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாலோடு அருகேயுள்ள மங்கயத்தில் ஒரு குடும்பத்தார் ஆற்றில் இறங்கியிருந்தார்கள். மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்து சேர்ந்தது. ஒரு சிறுமியும் உறவுக்காரப் பெண் ஒருவரும் உயிரிழந்தார்கள். அடுத்த மாதமே விதுராவை அடுத்த கல்லாற்றில், வட்டக்கயம் என்ற ஆழமான மடுவில் மூன்று பேர் மூழ்கினார்கள். மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீரெனப் பெருகிய அருவி பதினேழு வயதுப் பையன் ஒருவனை இழுத்துச் சென்றது.

திருவனந்தபுரத்தைக் கோயிலும் கோவளமுமாக மட்டுமே தெரிந்து வைத்திருப்பவர்கள் நிறைய. நகரத்திலிருந்து கிழக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் போனால் பொன்முடி. வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகப் போனால் வர்க்கலா. இடையில் அருவிகள், அணைகள், சரணாலயங்கள். 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்தில் தொடங்கிக் கடல் மட்டம் வரை எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே அடிக்கடி சுற்றுகிறவர்கள் பயணத்தைத் தண்ணீரை வைத்தே திட்டமிடுகிறார்கள். எதிரே ஓடும் தண்ணீரைவிட அது புறப்படும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் அவர்கள் முதலில் விசாரிக்கும் விஷயம்.

அருவிக்குக் காலையில்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் வரும் தென்மேற்குப் பருவமழை நாள்கணக்கில் நின்று பெய்யும். அப்போது அருவிக்குப் போகும் வழியைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள், ஏமாறுவதற்கு இடமில்லை. ஏமாற்றுவது அக்டோபர் நடுவில் தொடங்கும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை. காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். மதியச் சாப்பாடு முடிவதற்குள் மலையுச்சி கறுத்திருக்கும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இடிமின்னலுக்கு எச்சரிக்கும் நேரம் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை. விவரம் தெரிந்தவர்கள் டிக்கெட் கவுன்டர் திறக்கும்போதே போய் நிற்பதும், மதியம் 1 மணிக்குள் தார்ச்சாலைக்குத் திரும்பிவிடுவதும் அதனால்தான்.

கிளம்பும் முன் வானிலை ஆய்வு மையத்தின் நிற எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் என்றால் தூறல் என்று நினைப்பவர்கள் உண்டு. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6.5 முதல் 11.5 செ.மீ. வரை மழைக்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். சிறிய மலையோடைக்கு அது ஏராளம். திருவனந்தபுரத்தோடு கொல்லம், திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் நிறத்தையும் பார்ப்பது நல்லது. மேகத்துக்கு மாவட்ட எல்லை கிடையாது.

தண்ணீரில் நிற்கும்போது கவனிக்க வேண்டியவை நான்கு. தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, சற்று முன்பு வெளியே தெரிந்த கல் மூழ்குவது, இரைச்சல் கனப்பது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் செருப்பையும் பையையும் தேடிக்கொண்டிருக்காமல் பக்கவாட்டில் மேட்டில் ஏற வேண்டும். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடினால் வெள்ளம் முந்திவிடும்.

பெயர்க் குழப்பம் இன்னொரு தொல்லை. மீன்முட்டி என்ற பெயரில் இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு அருவிகள். ஒன்று பொன்முடிச் சாலையில், கல்லாற்றிலிருந்து காட்டுக்குள் நடந்து போவது. மற்றொன்று நெய்யாறு சரணாலயத்தின் உட்புறம், வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போக முடியாதது. மூன்றாவது மீன்முட்டி வயநாட்டில் இருக்கிறது. பொன்முடியும் அப்படித்தான், இடுக்கியில் ஓர் அணைக்கு அதே பெயர். மொபைல் வரைபடத்தில் வெறும் பெயரைத் தட்டாமல் ‘விதுரா’, ‘நெய்யாறு’ என்று ஊரையும் சேர்த்துத் தேடினால் அரை நாள் மிச்சம்.

காட்டுப்பாதையில் காலில் ஒட்டும் அட்டைக்கு உப்பு, முழங்கால் வரை இழுத்துவிடும் தனிச் சாக்ஸ் இரண்டும் போதும். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்திலிருந்து தள்ளிவிட வேண்டும்.

காட்டுக்கு அனுமதியோடு

நெய்யாறு சரணாலயம் 1958-இலும் பேப்பாறை சரணாலயம் 1983-இலும் அறிவிக்கப்பட்டவை. இரண்டும் இப்போது அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதிகள். 3,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் விரியும் இந்தக் காப்பகம் 2016-இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது.

தமிழர்கள் பொதிகை என்று கும்பிடும் அகத்தியர்கூடச் சிகரத்துக்கு ஏற நினைப்பவர்கள் டிசம்பரிலிருந்தே கேரள வனத்துறையின் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். ஜனவரி நடுவில் தொடங்கிச் சில வாரங்கள்தான் பருவம். ஆன்லைன் முன்பதிவில் இடங்கள் சட்டென்று தீர்ந்துவிடும். போணக்காட்டிலிருந்து முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் சிகரம் ஏறி முகாமுக்குத் திரும்புதல், மூன்றாம் நாள் இறக்கம். மருத்துவச் சான்று வேண்டும். பிளாஸ்டிக், மது, பூஜைப் பொருள்கள் மூன்றுக்கும் தடை. பெண்களுக்கு இருந்த தடை 2018-இல் கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது; 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை செய்தித் தொடர்பு அதிகாரி தன்யா சனல் மேலே ஏறினார். உச்சியின் குளிரையும் காற்றையும் குறைத்து எடைபோட வேண்டாம். திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரூன் 1855-இல் அங்கே புவிகாந்தத்தையும் வானிலையையும் அளக்க ஓர் ஆய்வகம் அமைத்தவர். ரோடு இல்லாத காலத்தில், கருவிகளைத் தலைச்சுமையாக ஏற்றித்தான்.

வழிகாட்டிகளில் பலர் காணிப் பழங்குடியினர். ‘யானை நிற்கிறது, அரை மணி பொறுங்கள்’ என்று அவர்கள் சொன்னால் வாதாடக்கூடாது. அவர்கள் அறிந்திருப்பது பாதை மட்டும் அல்ல. 1987-இல் இந்த மலையில் ஆய்வுக்கு வந்த தாவரவியலாளர் புஷ்பாங்கதன் குழு, உடன்வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைக்காமல் நடப்பதைக் கவனித்தது. அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. உலக அளவில் இன்றும் எடுத்துப் பேசப்படும் ஏற்பாடு அது. மலைக்குப் போகிறவர்கள் வழியில் இந்தப் பூங்காவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

சோப்பு, ஷாம்புப் பொட்டலங்களை அறையிலேயே வைத்துவிடுங்கள். பேப்பாறையின் ஓடைகள் கரமனை ஆற்றில் சேர்ந்து, பேப்பாறை, அருவிக்கரை அணைகளில் தேங்கி, திருவனந்தபுரத்துக் குழாய்களில் குடிநீராக வருகின்றன.

வர்க்கலாவுக்குக் கடலிறக்கத்தில்

வர்க்கலாவின் பாபநாசம் கடற்கரையில் பெரும்பாலோர் கடலைப் பார்த்து உட்காருகிறார்கள். திரும்பி உட்கார்ந்தால் பல லட்சம் ஆண்டுகளின் படிவுகள் எதிரே நிற்கும். கேரளத்தின் தென்கரையில் கடலோரமாக எழுந்து நிற்கும் இந்தச் செங்குத்துச் சுவரை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. 1882-இல் வில்லியம் கிங் இங்குள்ள படிவுகளைப் பற்றி எழுதியதிலிருந்து, கேரளக் கடலோரத்தில் இதே வகைப் படிவுகள் எங்கே கிடைத்தாலும் வர்க்கலா பெயராலேயே குறிக்கிறார்கள். 2025 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இந்த இடம் சேர்ந்தது.

மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். உச்சியில் சிவந்த செம்புரைக்கல். அதன்கீழ் மணற்கல்லும் களிமண்ணும் மாறி மாறி. சில இடங்களில் கறுத்த கரிக்களிமண், அதில் பழுப்பு நிலக்கரியாகிப்போன பழைய மரத்துண்டுகள். மழைநீர் செம்புரைக்கல்லிலும் மணற்கல்லிலும் இறங்கி, ஊடுருவ முடியாத களிமண்ணில் முட்டி, பக்கவாட்டில் ஊற்றாக வெளியே வருகிறது. பாபநாசத்தில் கசியும் ஊற்றுகள் எல்லாம் இந்தக் கணக்குதான்.

சுவர் இடிந்து விழுவதும் இதே காரணத்தால். ஊறிய மேற்படலத்தின் எடை ஏற, கடல் அடிப்பாகத்தை அரிக்க, ஒரு துண்டு மொத்தமாகச் சரியும். 2024-இல் சரிவு அபாயத்தைக் காட்டி மாவட்ட நிர்வாகம் பலிமண்டபத்துக்கு அருகே சுவரின் ஒரு பகுதியை இடித்ததும், அதைப் புவியியல் ஆய்வு நிறுவனம் எதிர்த்ததும் செய்திகளில் வந்தன. மழை பெய்த மறுநாள் சுவரடியில் நடக்கவே கூடாது. மற்ற நாள்களிலும் சுவருக்கும் நடப்பவருக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும். நிழலுக்காக அடியில் துண்டை விரிப்பது, களிமண்ணில் பெயர் செதுக்குவது இரண்டும் வேண்டாம்.

கடலிறக்க நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்தால் மணலில் நின்று முழுச்சுவரையும் பார்க்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அலை மணலையே தின்றுவிடும். சுவர் மேற்குப் பார்த்தது. நான்கு மணிக்கு மேல் சாய்வெயில் விழும்போது படலங்களின் நிறம் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். பார்த்து முடித்து மேலே காபி குடிக்கப் போகிறவர்கள், விளிம்பில் போட்டிருக்கும் மேசையை விட்டுவிட்டு உள்ளே தள்ளிய ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் அதைக் கட்டாயமாகவே செய்ய வேண்டும்.